ஏஜென்ட் தந்த தாளில் 60 கிலோ, ஏர்லைன் கணக்கில் 20 கிலோ

தெருமுனை டிராவல்ஸில் டிக்கெட் போட்டு, அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப்பை மட்டும் நம்பி ஏர்போர்ட் கிளம்புகிறவர்களுக்காக இந்தப் பதிவு. பெட்டி கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

மகளின் பிரசவத்துக்காகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் புறப்பட்ட ஒரு வயதான தம்பதிக்கு நடந்தது இது. ஊரில் இருக்கும் ஏஜென்ட், பட்ஜெட் விமானத்தில் டிக்கெட் போட்டு, ஆளுக்கு 30 கிலோ லக்கேஜுக்கும் சைவச் சாப்பாட்டுக்கும் சேர்த்தே பணம் வாங்கியிருந்தார். அவர் கொடுத்த தாளில் டிராவல்ஸின் லோகோ, இருவர் பெயர், '30 கிலோ', 'வெஜ் மீல்' எல்லாம் இருந்தன. பெட்டிகள் 28.6 கிலோவும் 27.9 கிலோவும். இட்லி அரிசி, நல்லெண்ணெய், பிரசவ லேகியம், குழந்தைக்குப் பழைய வேட்டித் துணி என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய பெட்டிகள்.

கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "ஐயா, உங்க பேர்ல 20 கிலோ காட்டுது. அம்மாவுக்கு லக்கேஜே போடல. சாப்பாடும் ரெண்டு பேருக்கும் இல்ல." போனில் கூப்பிட்டதற்கு ஏஜென்ட், "சிஸ்டத்துல ஏறாம இருந்திருக்கும் சார், இப்போதைக்குக் கட்டிடுங்க, திரும்பி வந்ததும் பாத்துக்கலாம்" என்றார். 36.5 கிலோவுக்கு ஏர்போர்ட் விலையில் கேட்ட தொகை இரண்டு டிக்கெட்டின் விலையைத் தொட்டது. கவுன்டர் மூட அரை மணி நேரம்தான் இருந்தது. ஒரு பெட்டி வழியனுப்ப வந்தவரோடு ஊருக்கே திரும்பியது.

கவுன்டர்ப் பெண்மீது தப்பில்லை. ஏர்லைனுக்கு ஏஜென்ட் தாள் ஒரு காகிதம், அவ்வளவுதான். அவர்கள் சிஸ்டத்தில் உங்கள் பிஎன்ஆர் என்ற புக்கிங் எண்ணின் கீழ் என்ன ஏறியிருக்கிறதோ அதுதான் உங்கள் உரிமை. ஏஜென்டுகள் பயன்படுத்தும் மென்பொருளில் டிக்கெட் அச்சிடும்போது விலை, லக்கேஜ், குறிப்பு எதையும் கையால் மாற்றலாம். தங்கள் லாபத்தை விலையில் சேர்க்கத்தான் அந்த வசதி. அதே வசதியில் 20-ஐ 30 ஆக்குவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எல்லா ஏஜென்டும் இப்படி இல்லை. இருபது வருடமாக ஒரே குடும்பத்துக்கு நேர்மையாக டிக்கெட் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் சரிபார்ப்பதால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். ஏர்லைனின் சொந்த வெப்சைட்டில் 'மேனேஜ் புக்கிங்' பக்கத்துக்குப் போய், ஆறு எழுத்து பிஎன்ஆரையும் பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயரையும் போடுங்கள். நம் ஊர் பாஸ்போர்ட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். அப்படியிருந்தால் டிக்கெட்டில் பெயர் எப்படி அடித்திருக்கிறதோ அப்படியே போட வேண்டும். ஏஜென்ட் தரும் எண் சில நேரம் அவர்கள் சிஸ்டத்தின் எண்ணாக இருக்கும், ஏர்லைன் வெப்சைட்டில் திறக்காது. "ஏர்லைன் பிஎன்ஆர் எது?" என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். நாளைக்குத் தருகிறேன் என்று இரண்டு மூன்று முறை இழுத்தால் டிக்கெட் இன்னும் போடப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிஎன்ஆர் இருப்பதாலேயே டிக்கெட் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெரிய ஏர்லைன்களில் பணம் கட்டாமல் சீட்டைப் பிடித்து வைக்கலாம். அதற்கும் பிஎன்ஆர் வரும், 'கன்ஃபர்ம்டு' என்றும் காட்டும். கெடு முடிந்தால் தானாக ரத்தாகிவிடும். உண்மையில் டிக்கெட் போட்டாகிவிட்டது என்பதற்கு அடையாளம் 13 இலக்க இ-டிக்கெட் எண். முதல் மூன்று இலக்கம் ஏர்லைனின் எண்: ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, ஸ்ரீலங்கனுக்கு 603. பட்ஜெட் விமானங்கள் பலவற்றில் இந்த 13 இலக்கம் இருக்காது. அங்கே வெப்சைட்டில் பணம் முழுதும் கட்டியாகிவிட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

பக்கம் திறந்ததும் முதலில் லக்கேஜைப் பாருங்கள். அது பயணிக்கு ஒன்று, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று தனித்தனியாக ஏறும். போகும் வழிக்கு மட்டும் போட்டுவிட்டு, திரும்பும் வழியைச் சும்மா விடுவது வழக்கமாக நடக்கும் ஏமாற்று. '30கே' என்றால் 30 கிலோ. '2பிசி' என்றால் இரண்டு பெட்டி, அமெரிக்கா வழித்தடத்தில் பெரும்பாலும் ஒவ்வொன்றும் 23 கிலோ. இந்தக் கணக்கில் 30 கிலோவில் ஒன்றும் 16 கிலோவில் ஒன்றும் கொண்டுபோனால் மொத்தம் 46 தானே என்று வாதிட முடியாது, கனமான பெட்டிக்குத் தனிக் கட்டணம். '0பிசி' அல்லது 'நில்' (NIL) என்றால் கைப்பை மட்டும்தான். குடும்பம் முழுவதும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால் கிலோவைச் சேர்த்துக் கணக்கிட அனேக ஏர்லைன்கள் ஒத்துக்கொள்ளும். ஏஜென்ட் இருவருக்கும் தனித்தனி பிஎன்ஆர் போட்டிருந்தால் அது போச்சு. சேர்த்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தூக்குகிற தொழிலாளியின் முதுகுக்காக வைத்த வரம்பு அது.

லக்கேஜ் குறைவாக இருந்தால் வெப் செக்-இன் செய்யும் முன்பே ஆன்லைனில் கட்டிக் கூட்டிக்கொள்ளுங்கள். செக்-இன் முடிந்தபின் சில ஏர்லைன்களில் அந்த வழி அடைபட்டுவிடும். கவுன்டர் விலை எப்போதும் கூடுதல். உள்நாட்டு விமானத்திலேயே கிலோவுக்கு 500 ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள்.

அதே பக்கத்தில் இருக்கும் போன் எண்ணும் ஈமெயிலும் பெரும்பாலும் ஏஜென்டுடையதாக இருக்கும். விமான நேரம் மாறினாலும் ரத்தானாலும் செய்தி அவருக்குத்தான் போகும். உங்கள் எண்ணை அங்கே போட வையுங்கள். பிஎன்ஆரும் பெயரும் தெரிந்த எவரும் உங்கள் புக்கிங்கைத் திறக்கலாம் என்பதால், போர்டிங் பாஸ் படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

கவுன்டரில் எடை கூடிவிட்டால் பதற்றத்தில் கைப்பைக்கு எதையெல்லாமோ மாற்றுகிறார்கள். கைப்பைக்கும் 7 கிலோதான் வழக்கமான வரம்பு. பன்னாட்டுப் பயணத்தில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் பொதுவாகப் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. ஊறுகாய், நெய், எண்ணெய், லேகியம் எல்லாமே அந்தக் கணக்கில் வரும். பாதி காலியான 200 மில்லி பாட்டிலும் போகாது, பார்ப்பது பாட்டிலின் அளவைத்தான். ஆகவே மாற்றுவதாக இருந்தால் துணி, புத்தகம், அரிசி, முறுக்கு மாதிரி உலர்ந்ததை மாற்றுங்கள். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு: கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-ஹவர் வரை ஏர்லைன் அனுமதி தேவையில்லை. பவர் பேங்கில் போட்டிருக்கும் எம்ஏஎச் (mAh) எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் அந்தக் கணக்கு வரும். 20,000 என்றால் 74, பிரச்சினையில்லை. 30,000 என்றால் 111, ஏர்லைன் அனுமதி வேண்டும். கொப்பரையைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் பட்டியலில் அது இருக்கிறது, ஸ்கேனில் பிடிபட்டால் பெட்டியையே நிறுத்திவிடுவார்கள்.

பெட்டியை வைக்கும் முன் தராசில் சுழியம் காட்டுகிறதா பாருங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்துக் கவுன்டரில் எடை போடச் சொல்வதில் தப்பில்லை. கூடுதல் கட்டணத்தை ஏர்லைன் கவுன்டரில் மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள். "நான் பேசி முடிச்சித் தரேன்" என்று பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பெட்டியில் ஒட்டும் டேகில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு சரியா என்றும் பாருங்கள். இரண்டு தனி டிக்கெட்டை ஒட்டவைத்து 'கனெக்‌ஷன்' என்று விற்றிருந்தால் டேக் இடையிலுள்ள ஊரோடு நின்றுவிடும். பெட்டியை அங்கே எடுத்து மறுபடி போட வேண்டும், சில நாடுகளில் அதற்கு விசாவும் கேட்பார்கள்.

சாப்பாட்டில் ஏமாறுவது பெரும்பாலும் பெயரால். 'இந்து மீல்' என்று டிக் அடித்துவிட்டுச் சைவம் வரும் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். எச்என்எம்எல் என்ற அந்தக் குறியீடு மாடும் பன்றியும் இல்லாத அசைவம். தட்டைத் திறந்தால் கோழி இருக்கும். நம் வீட்டுச் சைவத்துக்கு நெருக்கமானது ஏவிஎம்எல்: இந்திய மசாலா, பால், தயிர் உண்டு. விஜிஎம்எல் என்பது வீகன், மோர்கூட வராது. விஎல்எம்எல் மேற்கத்திய சைவம், முட்டை இருக்கும். டிபிஎம்எல் சர்க்கரை நோயாளிக்கானது, அதில் இறைச்சி வரலாம். ஒரு பயணிக்கு ஒரு குறியீடுதான் ஏறும் என்பதால், சர்க்கரை உள்ள சைவர்கள் ஏவிஎம்எல் போட்டுவிட்டு இனிப்பைத் தவிர்ப்பதே நடைமுறை. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு சொல்லியிருக்க வேண்டும், சில ஏர்லைன்களில் 48. கனெக்‌ஷன் இருந்தால் இரண்டு விமானத்துக்கும் தனித்தனியே ஏறியிருக்கிறதா பாருங்கள். பட்ஜெட் விமானத்தில் சாப்பாடு காசுக்குத்தான். வெளிச்சாப்பாடு சாப்பிடக் கூடாது என்று விதி வைத்திருக்கும் விமானங்களும் உண்டு. மாத்திரையோடு சாப்பிட வேண்டிய பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே முடித்துக்கொடுங்கள்.

தாமதத்தின்போது சாப்பாடு வேறு கணக்கு. இந்தியாவில் விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ அமைப்பின் விதிப்படி, இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஏர்லைனே சாப்பாடு தர வேண்டும். இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் வரை பறப்பதற்கு 3 மணி நேரத் தாமதம், அதற்கும் மேல் பறப்பதென்றால் 4 மணி நேரம். பட்ஜெட் விமானத்துக்கும் இது பொருந்தும். கேட்டால்தான் கூப்பன் வரும், கேளுங்கள்.

பெட்டி உடைந்தோ வராமலோ போனால், வருகைக் கூடத்தை விட்டு வெளியேறும் முன் பிஐஆர் என்ற புகார்ப் படிவத்தைப் பதிந்து எண்ணை வாங்குங்கள். வெளியே வந்துவிட்டால் உடைந்தது எங்கே என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். பன்னாட்டுப் பயணத்துக்கு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்த பெட்டிக்குக் கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும்.

ஏஜென்ட் ஏமாற்றியிருந்தால் கவுன்டரில் நிற்கும்போதே ஆதாரத்தைச் சேர்க்கத் தொடங்குங்கள். அவர் அனுப்பிய பிடிஎஃப், 'மேனேஜ் புக்கிங்' பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், யுபிஐ ரசீது, கூடுதல் கட்டணம் கட்டிய ரசீது ஆகிய நான்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும். "வந்ததும் பாத்துக்கலாம்" என்று போனில் சொன்னதை "நீங்கள் இன்று இப்படிச் சொன்னீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஏர்லைன் மீதான புகாருக்கு அரசின் ஏர்சேவா தளம் இருக்கிறது. புகார் சொல்லக் கூகுளில் 'கஸ்டமர் கேர்' எண் தேடி அழைக்காதீர்கள். ரீஃபண்ட் தருகிறேன் என்று ஸ்கிரீன் ஷேரிங் ஆப் போடச் சொல்லும் திருட்டுக் கும்பல்களின் எண்கள் அங்கே நிறைய உண்டு. அதில் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.