‘ப்ரேஸ் போட்டாச்சு, இனி அசையாது’: அடாப்டர் பிளேட்டில் நான் ஏமாந்த கதை

ஒரு கம்பெனி இன்ஜினையும் வேறொரு கம்பெனி கியர்பாக்ஸையும் ஒன்றாகக் கோத்து கார் கட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வேலையைச் சொல்கிறேன், அது போதும்.

இரண்டு கம்பெனி போல்ட் துளைகளும் ஒத்துப்போகாது என்பதால் நடுவே ஒரு அடாப்டர் பிளேட் வேண்டும். 16 மி.மீ. அலுமினியத் தகட்டில் கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷினில் வெட்டி, இடம் மாறாமல் உட்கார வைக்கும் டவல் பின் (முளை ஆணி) வைத்துத் தருவதாகப் பேச்சு. பட்டறைக்காரர் போனில் படமும் காட்டினார், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. பாதிப் பணம் அன்றைக்கே கைமாறியது. ஜாயின்ட் வலுவாக இருக்க இரண்டு பக்கமும் ப்ரேஸ், அதாவது தாங்கு பட்டை, வைக்கிறேன் என்று அதற்குத் தனியாகவும் வாங்கினார். “போட்டுட்டா யானை இழுத்தாலும் அசையாது தம்பி.”

வண்டி கைக்கு வந்தபோது எல்லாமே கறுப்பு பெயிண்டுக்குள் இருந்தது. சுத்தமான வேலை என்று சந்தோஷப்பட்டேன். பெயிண்ட் எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

முதல் வாரமே கிளட்சை விடும்போது ஒரு நடுக்கம். ரிவர்ஸ் விழ அடம்பிடித்தது. “புது கிளட்ச், செட் ஆகணும்” என்றார். சுமார் 900 கிலோமீட்டரில், கிளட்சை விட்டிருக்கும்போது மட்டும் ஊளையிடும் சத்தம், மிதித்தால் நின்றுவிடும். அது, கியர்பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்டின் பேரிங் அழுகை என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினேன். அது என் தப்பு. ஒரு நாள் மேட்டில் ஏறும்போது டமார் என்று ஒரு சத்தம், அதோடு இழுவை போய்விட்டது.

வேறொரு மெக்கானிக்கிடம் இறக்கினோம். கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி ஸ்ப்ரிங்கோடு பிய்ந்து தனியாக வந்தது. கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் கீழ்க் காதில், போல்ட் மாட்டும் இடத்தில், விரல் நீளத்துக்கு விரிசல். ஜாயின்ட் முகத்தில் செம்பழுப்பு நிறத்தில் நைஸான பொடி. இரண்டு முகமும் ஒன்றோடொன்று உரசி ஆடினால்தான் அந்தப் பொடி வரும்.

மெக்கானிக் உளியால் பெயிண்டைச் சுரண்டினார். அலுமினியம் இல்லை, இரும்பு. 16 இல்லை, 10 மி.மீ. ஓரமெல்லாம் கேஸ் கட்டிங்கின் பல் பல்லான வரிகள். டவல் பின் ஒன்றுகூட இல்லை. துளை சேராததால் பட்டறைக்காரர் பின்னைப் பிடுங்கி எறிந்துவிட்டு, 10 மி.மீ. போல்ட்டுக்கு 12.5 மி.மீ. துளை போட்டு எப்படியோ உள்ளே தள்ளியிருக்கிறார். போல்ட் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும்தான். கியர்பாக்ஸ் நடுவில் உட்காருகிறதா என்பதை முடிவு செய்வது டவல் பின். அது இல்லையென்றால் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் மையம் ஒரு பக்கம், இன்புட் ஷாஃப்டின் மையம் இன்னொரு பக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் கிளட்ச் பிளேட் நெளிந்தே ஆக வேண்டும்.

எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று மெக்கானிக் என் கண்ணெதிரிலேயே அளந்தார். பிளேட்டோடு பெல் ஹவுசிங்கை மட்டும் மாட்டி, கிராங்கோடு சுற்றும் ஃப்ளைவீலில் காந்த ஸ்டாண்டை நிறுத்தி, நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் டயல் கேஜின் முனையை கியர்பாக்ஸ் உட்காரும் வட்டத்தின் உள்சுவரில் தொடவைத்து, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினார். முள் 0.62 மி.மீ. ஓடியது. அதில் பாதி, 0.31, உண்மையான விலகல். பொதுவாக முள் மொத்தமாகவே 0.13 மி.மீ.க்கு மேல் ஓடக் கூடாது என்பார்கள்.

இனிமேல்தான் அந்த ப்ரேஸ். இதை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்ட பட்டையின் மறுமுனை பெல் ஹவுசிங்குக்குப் போகவே இல்லை. பிளேட்டின் ஓரத்திலேயே வெல்டிங் வைத்து முடித்திருக்கிறார். பிளேட் ஏற்கெனவே பிளாக்கோடு இறுகித்தான் இருக்கிறது. வீட்டுக் கதவைக் கதவோடவே கட்டிவிட்டுப் பூட்டியாச்சு என்ற மாதிரி. மடங்கும் இடம் பிளேட்டுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவில்; அங்கே ஒன்றுமில்லை. போதாததற்கு வெல்டிங் ஆறும்போது சுருங்கி பிளேட்டையே வளைத்துவிட்டது. கீழ்ப்பக்கம் இடைவெளி அளக்கும் தகடான 0.4 மி.மீ. ஃபீலர் கேஜ் தடையில்லாமல் நுழைந்தது.

இந்த இன்ஜினின் ஆயில் சம்ப், அதாவது அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, வார்ப்பு அலுமினியம். அதன் சொந்த கியர்பாக்ஸில் இரண்டு போல்ட் சம்பிலிருந்து நேராகப் போய்க் கீழ்ப்பக்கத்தைப் பிடிக்கும். கம்பெனி கொடுத்த வலுவே அதுதான். என் வண்டியில் அந்த இரண்டு துளையும் காலி. பெல் ஹவுசிங் கீழ்க் காதில் விரிசல் விட்டதில் ஆச்சரியமே இல்லை.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். “நீங்க கிளட்சை உதறி ஓட்டியிருப்பீங்க” என்றார். அண்ணே, டவல் பின் எங்கே என்றேன். “அதெல்லாம் கம்பெனி வண்டிக்கு.” பணம் திரும்பவில்லை.

கொடுப்பதற்கு முன் பிளேட்டைப் பெயிண்ட் இல்லாமல் கையில் வாங்கிப் பாருங்கள். டயல் கேஜ் வைத்து உங்கள் முன்னால் கிராங்கைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். டயல் கேஜ் இருக்கிறதா என்று கேட்கும்போதே முகத்தைப் பாருங்கள். பிளேட்டின் தடிமன் அளவுக்கு இன்புட் ஷாஃப்ட் பின்னால் போகும், அதன் நுனி கிராங்கின் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கை எட்டுகிறதா என்றும் கேளுங்கள். ப்ரேஸ் வைத்தால் பிளாக்கிலிருந்தோ சம்பிலிருந்தோ கிளம்பி, ஜாயின்ட்டைத் தாண்டி, பெல் ஹவுசிங்கில் முடிய வேண்டும். வண்டியில் வைத்து வெல்டிங் அடிக்க விடாதீர்கள்.

புது பிளேட் வந்துவிட்டது. டவல் பின்னோடு முள் 0.08 ஓடுகிறது. பழைய கியர்பாக்ஸ் இன்னும் பிரித்தபடி கிடக்கிறது, பேரிங் வர வேண்டும். அந்த அண்ணன் ஸ்டேட்டஸில் நேற்று ஒரு படம் பார்த்தேன். என் கார்தான், கறுப்பு பெயிண்ட் மினுமினுக்க. யாருக்கோ காட்டிக்கொண்டிருக்கிறார்.