ஸ்டிக்கும் டிக்கும் ஒரே மெஷினில்: அம்பாசமுத்திரம் பக்கத்துப் பட்டறை அனுபவம்

200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், சிங்கிள் ஃபேஸ், டிசி மட்டும். வருஷக்கணக்கில் என்னிடம் ஓடுகிறது. கேட், கிரில், கலப்பைக்கு ஸ்டிக், அதாவது பூச்சு போட்ட ராடை உருக்கி ஒட்டும் வெல்டிங். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடிக்கும் ஹோட்டல் மேடைக்கும் டிக், அதாவது டங்ஸ்டன் முனையில் ஆர்க் (மின்பொறி) எழுப்பி, வாயு மூடலில் ஒட்டும் வெல்டிங். மெஷின் மேல் பெரிய குறை இல்லை. நம்ம ஊர்க் காற்றும் வேர்வையும்தான் பாடாய்ப் படுத்தும்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று எழும்பினால் ஸ்டிக்குக்கு அவ்வளவு கவலையில்லை. ராடு மேலிருக்கும் பூச்சு எரிந்து, புகையும் சிலாக்குமாக (கசடு) வெல்டைக் காற்றுப் படாமல் மூடிக்கொள்ளும். டிக்கில் அந்த வேலைக்கு ஆர்கான் வாயு ஒன்றுதான். நிமிஷத்துக்கு 8 லிட்டர் வைத்திருந்தாலும் ஒரு வீச்சில் கலைந்து வெல்டு கறுத்துப் பொத்தல் விழும். உடனே கேஸைக் கூட்டத் தோன்றும். அளவு மீறினால் கேஸ் வெளிவரும் நாசில் வாயில் சுழல் உண்டாகி வெளிக்காற்றையே உள்ளே இழுக்கும்.

அப்போ ஷட்டரை இறக்கிவிடலாமே என்றால், வம்பு அங்கேதான். ஆர்கான் காற்றை விடக் கனம். நிறமோ வாசனையோ கிடையாது. பள்ளத்திலும் தொட்டியிலும் தேங்கினால் மூச்சடைக்கும் முன் ஒரு எச்சரிக்கையும் தராது. நான் வேலைப் பக்கம் மட்டும் தகரத் தட்டி மறைத்து, ஷட்டரைத் திறந்தே வைப்பேன். தண்ணீர்த் தொட்டிக்குள் டிக் வேலை என்றால் காற்றூதியும் வெளியே ஒரு ஆளும் இல்லாமல் இறங்குவதில்லை. கூலி எவ்வளவு கொடுத்தாலும் சரி.

சித்திரையில் கதை வேறு. ஆர்க் எழும்பாத நேரத்தில் ராடைப் பிடிக்கும் ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். காய்ந்த தோல் கிளவுஸுக்கு அது ஒன்றுமில்லை, வேர்வையில் நனைந்ததற்கு அப்படியில்லை. மாற்று ஜோடி வெயிலில் காய்ந்துகொண்டே இருக்கும்; காலடியில் மரப்பலகை. மெஷின் தகட்டில் 60 சதவீத டியூட்டி சைக்கிள், அதாவது 10 நிமிஷத்தில் 6 நிமிஷம்தான் முழு ஆம்பியர். அதுவும் சுற்றுச் சூடு 40 டிகிரி என்ற கணக்கு. தகரக் கூரைக்கடியில் அதையும் நம்பமாட்டேன்.

டிக் ஆர்க்கில் புகை குறைவு என்பதால் புற ஊதாக் கதிர் நேராக அடிக்கும், எஸ்.எஸ். பளபளப்பும் திருப்பி அடிக்கும். கழுத்துப் பட்டன் போடாமல் உட்கார்ந்தால் சாயங்காலம் எரியும். வேடிக்கை பார்க்கிறவர்களை விரட்டுவதே பெரும்பாடு: “அண்ணாச்சி, அங்கிட்டுத் திரும்புங்க, ராத்திரி கண்ணுல மண்ணள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும்.”

சிவப்பு முனை டங்ஸ்டனை விட்டுவிட்டேன். அதில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. தீட்டும்போது பறக்கும் தூசிதான் ஆகாது. தங்க நிற முனை லாந்தனம் போதும். ஜிஐ பைப்பில் துத்தநாகப் பூச்சைத் தேய்க்காமல் ராடு வைத்தால் அந்தப் புகையில் ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறைக் கட்டுக்கதை.

ஸ்டிக்கிலிருந்து டிக்குக்கு மாறும்போது டார்ச் (டங்ஸ்டனைப் பிடிக்கும் பிடி) மெஷினின் மைனஸில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளஸில் இருந்தால் டங்ஸ்டன் உருகி உருண்டையாகிவிடும். அலுமினியம் இதில் நடக்காது, அதற்கு ஏசி டிக் வாங்க வேண்டும்.