வாரிக்கா, கெனில்வொர்த்தா?

இங்கிலாந்தின் வாரிக்‌ஷயரில் ஏழெட்டு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கோட்டைகள். இரண்டுமே போருக்காக எழுந்து, பிறகு பிரபுக்களின் மாளிகையானவை.

வாரிக் 1604இல் அரசவைப் பிரமுகர் ஃபுல்க் கிரெவில் கைக்கு வந்தபோது பாழடைந்து கிடந்தது. 20,000 பவுண்டுக்கு மேல் செலவழித்து அதைக் குடியிருக்கும் வீடாக்கினார். அந்தக் குடும்பம் 1978இல்தான் அதை விற்றது. கூரை, விருந்துக்கூடம், தோட்ட வடிவமைப்பாளர் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் அமைத்த புல்வெளி எல்லாம் இன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. குழந்தைகளோடு போனால் வாரிக்தான் சரி.

ஆனால் என் மனம் கெனில்வொர்த் பக்கம். அதன் உரிமையாளரான பிரபு ராபர்ட் டட்லி, ராணி முதலாம் எலிசபெத் தங்குவதற்கென்றே அங்கே தனிக் கட்டடம் எழுப்பினார். அம்பு எய்யும் குறுகிய துளைகள் இருக்க வேண்டிய கோட்டையில், ஆள் உயரத்தைத் தாண்டிய ஜன்னல்கள்! 1575 கோடையில் ராணி 19 நாள் தங்கினார். பதினேழாம் நூற்றாண்டில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின், மறுபடி யாரும் அரணாக்கிவிடக் கூடாது என்று நாடாளுமன்றத் தரப்பு பெரிய கோபுரத்தின் வடக்குச் சுவரைத் தகர்த்து, சுற்றியிருந்த ஏரியையும் வடித்தது.

இப்போது அந்த ஜன்னல்களில் கண்ணாடி இல்லை, தளமும் இல்லை. படியேறி ராணியின் அறை இருந்த உயரத்தில் நின்றால், செந்நிறக் கல் சட்டத்துக்குள் வெறும் வானம். அங்கேயே வெகுநேரம் நிற்கத் தோன்றும்.