திருகு நங்கூரம் வாங்குமுன் உங்கள் மண்ணைப் பாருங்கள்

கிளிநொச்சியில் ஒரு ஹாட்வெயார் கடையில் விற்கிற திருகு நங்கூரத்தைப் பற்றி எழுதுகிறேன், வலைக் கூடாரம் போட இருப்பவர்கள் வாசியுங்கள். கூடாரம் காற்றில் சாயாமல் இழுத்துக் கட்டுகிற வயரை மண்ணில் பிடித்து வைப்பது இதுதான். கல்வனைஸ் பூசிய 3 அடிக் கம்பி, அடியில் 4 அங்குலத் திருகுத் தட்டு, மேலே வளையம். வெல்டிங் சுத்தமாக இருக்கிறது, பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த மண்ணுக்கு என்று கடையில் யாரும் கேட்பதில்லை, வன்னியில் அதைக் கேட்காமல் நங்கூரம் விற்கவே கூடாது.

செம்மண்ணில் இது அருமை. மழை ஊறிய பிறகு வளையத்துக்குள் அலவாங்கைக் கொடுத்துச் சுற்றினால் இறங்கும். கடைசிச் சுற்றுகளில் கை வலித்தால் நல்லது, சுற்ற எவ்வளவு கடினமோ அவ்வளவு பிடிக்கும்.

முல்லைத்தீவுக் கரையோர மணலில் லேசாக இறங்கிவிடும், அதை நம்பி வயர் கட்ட வேண்டாம். மணல் ஒட்டாது, தட்டுக்கு மேலே கிடக்கிற மணலின் பாரமும் உராய்வும்தான் பிடிப்பு, அதனால் அகலத் தட்டும் நீளக் கம்பியும் வேண்டும்.

வவுனியாப் பக்கம் கதை வேறு. மேல்மண்ணுக்குக் கீழே கிறவல் (சரளைக் கல் மண்) வந்தால் தட்டு வளைந்துவிடும். அங்கே அம்புமுனை நங்கூரம்தான் சரி: இரும்புக் கோலால் அடித்து இறக்கிவிட்டு வயரை மேலே இழுத்தால் முனை மண்ணுக்குள் குறுக்காகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். பாறையே வந்துவிட்டால் துளை போட்டு, தூசியை நன்றாக ஊதி எடுத்து, கம்பியை இறக்கிச் சீமெந்துக் கலவை ஊற்றுங்கள். உளுத்த மேல்பாறையோடு நிறுத்தாமல் உறுதியான கல்லுக்குள் போக வேண்டும்.

முருங்கன் பக்கத்துக் கரிய களி மாரியில் ஊதும், கோடையில் வெடிக்கும். அங்கே வெடிப்பு எட்டாத ஆழத்தில் ஒரு கொங்கிரீட் தூணைக் கிடையாகப் புதைத்து அதில் வயர் கட்டுவதையே சொல்வேன். வயல் மண்ணுக்கும் அதுதான்.

எந்த மண்ணானாலும் நங்கூரத்தை வயர் இழுக்கிற கோட்டிலேயே சாய்த்து இறக்குங்கள். நேராக நிறுத்தினால் சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் பக்கவாட்டில் இழுபட்டு மண்ணை அறுத்துக்கொண்டு தளர்ந்துவிடும்.

செம்மண் காணிக்கு நான் திரும்பவும் இதையே வாங்குவேன். கடைக்காரர் 5 அடியில் அகலத் தட்டு வைத்ததையும் எடுத்துப் போட்டால் கரையோரத்து ஆட்களுக்குப் பெரிய உதவி.