எழுத்து ஆசிரியருக்கு எது கட்டுபடியாகும்: ரியூசனா, வழிகாட்டலா, செம்மையாக்கமா?

யாழ்ப்பாணத்தில் தமிழில் எழுதக் கற்பிப்பவருக்கு முதலில் கிடைப்பது ரியூசன் வகுப்பு. அதை விட்டு வேறு வழி தேடுபவர்கள் கட்டணங்களைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வாசிக்கும் நேரத்தை. அதற்கென்று தனியாக யாரும் காசு தருவதில்லை.

க.பொ.த. சாதாரண தர வகுப்பொன்றில் 30 பிள்ளைகள், கிழமைக்கு ஒரு கட்டுரை என்று வையுங்கள். கொப்பி ஒன்றுக்கு 8 நிமிடம் போனால் திருத்த மட்டும் 4 மணித்தியாலம். வகுப்பு 2 மணித்தியாலம். ஆக, கிழமை வருமானத்தை 6ஆல் வகுத்தால்தான் உண்மையான கூலி தெரியும். இந்தச் சுமை தாங்காமல்தான் பலர் மாதிரிக் கட்டுரையைச் சொல்லி எழுதவைக்கிறார்கள். பிள்ளை புள்ளி எடுத்துவிடும், சொந்தமாக ஒரு பந்தி எழுத வராது. இதைவிட, கிழமைக்கு 10 கொப்பியை முழுமையாகவும், மற்ற 20ஐயும் முதற்பந்தி மட்டும் 2 நிமிடமும் பார்க்கலாம். திருத்தும் நேரம் 2 மணித்தியாலமாகக் குறையும். மூன்று கிழமைக்குள் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு முழுத் திருத்தம் கிடைத்துவிடும்.

எழுதும் பழக்கத்தைக் கவனிக்கும் பயிற்றலையும் பிரதியை வாசித்துப் பேசும் வழிகாட்டலையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பெரிய நட்டம். பயிற்றுநர் கவனிப்பது எழுதுபவரின் பழக்கத்தை: இந்தக் கிழமை எத்தனை பக்கம் எழுதினார், எங்கே நின்றது, ஏன் நின்றது. கிழமைக்கு அரை மணித்தியாலப் பேச்சு போதும், வாசிப்பு அதிகமில்லை. முதுமாணி ஆய்வேட்டைப் பாதியில் விட்டவர்களுக்கு இது நன்றாக உதவும். ஆனால் எங்கள் ஊரில் ஆசிரியர் என்றால் திருத்தித் தருபவர். இரண்டாம் கிழமையே வட்ஸ்அப்பில் 40 பக்கம் வரும்: "சேர், இதையும் ஒருக்காப் பாருங்கோ." மறுக்க மனம் வராது. பார்த்தால், பயிற்றல் கட்டணத்துக்கு வழிகாட்டல் செய்கிறீர்கள். எது உள்ளடங்கும், எது அடங்காது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

வழிகாட்டலுக்கு நல்ல அளவு: மூன்று மாதம், 6 சந்திப்பு, ஒவ்வொன்றுக்கும் 10 பக்கத்துக்கு மேற்படாத பிரதி, அதுவும் 3 நாள் முன்னதாக. முதல் வாசிப்பில் பேனையைத் தொடவே கூடாது, இரண்டாவதில்தான் குறிப்பு. வாசிப்புக்கு 2 மணித்தியாலம், பேச்சுக்கு 1. கட்டணத்தை 18ஆல் வகுத்துப் பாருங்கள், 6ஆல் வகுத்து ஏமாறாதீர்கள். ரொறன்ரோவில் இருப்பவருக்கு எங்கள் காலை 7 மணி பொருந்தும்: அங்கே முதல்நாள் இரவு, கோடையில் 9.30, குளிர்காலத்தில் 8.30. கைக்குப் பழகிப்போன சிவப்புப் பேனைதான் இங்கே ஆபத்து. உரையாடலில் வரும் 'வாறன்', 'போறன்' எல்லாவற்றையும் 'வருகிறேன்', 'போகிறேன்' என்று மாற்றிவிட்டால், அந்தக் கதையில் எங்கட மண்ணே இருக்காது.

அதே பேனைக்கு நேரடியாகக் காசு தருவது செம்மையாக்கம். கற்பித்தலும் பிரதி திருத்தலும் இந்த மண்ணில் சேர்ந்தே வளர்ந்தவை. பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடமும் நடத்தினார். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிக்காரர்.

விலை பேசுமுன் 5 பக்கத்தைத் திருத்தி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். கட்டணத்தைச் சொல் கணக்கில் வையுங்கள், ஏனென்றால் எழுத்துருவின் அளவைக் குறைத்தால் பக்கமும் குறையும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதிய பிரதி என்றால் கூடுதல் நேரம் வேண்டும். அதில் சில எழுத்துகள் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஒன்றுக்கு மற்றதை அடித்திருந்தால் தாளில் பிழை தெரியாது, யுனிகோட்டுக்கு மாற்றும்போதுதான் வெளிப்படும். பக்க வடிவமைப்பு முடிந்தபின் ஒரு தடவை மெய்ப்பு பார்ப்பதையும் கட்டணத்தில் சேர்க்க வேண்டும். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்துவிட்டுப் பிரதியைக் கொண்டுவருபவரிடம் நாள் போதாது என்று நேரே சொல்லிவிடுவது நூலுக்கு நல்லது.

ரியூசனால் வாழ்பவர் அதை ஒரேயடியாக விடக்கூடாது. செம்மையாக்கம் இல்லாத மாதத்திலும் வீட்டுச் செலவு நிற்காது. ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு செம்மையாக்கத்தில் இறங்குங்கள். உங்கள் திருத்தத்தோடு வாதாடி, பிறகு மீண்டும் எழுதிக்கொண்டு வருபவர்களில் மூன்று பேரை வழிகாட்டலுக்கு எடுங்கள். முதல் மூன்று மாதமும் ஒவ்வொரு வேலையும் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். நான்காம் மாதக் கட்டணத்தை அந்தக் கொப்பியைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.