பதினாலு கோர் ஜியானா, ஆறு கோர் ஐ5ஆ: ரெண்டையும் ஒரே ரூம்ல வச்சு மாரடிச்சவன் சொல்லுதேன்

போன வாரம் கல்லிடைக்குறிச்சியில ஸ்டூடியோ வச்சிருக்க என் மாப்ள போன் போட்டான். "மச்சான், மெட்ராஸ்ல இருந்து ஒரு ஜியான் வொர்க்ஸ்டேஷன் வருது, பதினாலு கோராம், அதே துட்டுக்கு திருநெல்வேலி ஜங்ஷன் கடையில புது ஐ5 சொல்லுதாவ, எத எடுக்க?"ன்னு கேட்டான். அவன் கேட்ட நேரம் சரியில்ல. என் ஜியான் ஒம்போது நாள் படுத்துக் கெடந்து அன்னைக்குத்தான் எந்திரிச்சிருந்துச்சு. வாயில வந்ததையெல்லாம் சொல்லிட்டு வச்சிட்டேன். பொறவு யோசிச்சா பாவமா இருந்துச்சு, அவனுக்கும் ஜியானுக்கும். அதான் உக்காந்து எழுதுதேன்.

ஜியானும் ஐ5வும் இன்டெல் செய்யுத ப்ராசஸர்தான், ஜியான் கம்பெனி சர்வருக்கு, ஐ5 சாதா கம்ப்யூட்டருக்கு; கோர்னா உள்ள இருக்க வேலைக்காரன் மாதிரி. எங்கிட்ட ரெண்டுமே இருக்கு. 2021ல மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு ஆளு மூலமா வாங்குனது ஜியான் இ5-2680 வி4, ஏதோ ஐடி கம்பெனியில கழிச்சுப் போட்ட பொட்டி, ஆம்னி பஸ்ல லக்கேஜா வந்து எங்க ஊரு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில இறங்குச்சு, தூக்கி ஆட்டோவுல வைக்க ரெண்டு பேரு வேண்டியிருந்துச்சு. 2023ல தம்பி ஒருத்தன வேலைக்கு வச்சப்ப அவனுக்குன்னு ஐ5-12400 போட்டேன். சோலி என்னன்னா கல்யாண ஆல்பம், கல்யாண வீடியோ, சித்திரையில இருந்து ஆடி வரைக்கும் கோயில் கொடை வீடியோ. கொடைன்னா தெரியும்லா, எங்க பக்கத்துக் கோயில் திருவிழா, மத்தியானக் கொடையில இருந்து சாமக்கொடை முடிய மூணு கேமரா ஓடும், வில்லுப்பாட்டுல ஒரு வரிய வெட்டினாலும் கோயிலுக்கு வரி குடுக்க வரிதாரர் நம்ம வீட்டு வாசல்ல வந்து நிப்பாவ.

மொதல்ல என் வயித்தெரிச்சலச் சொல்லிருதேன், மத்ததெல்லாம் அப்பறம். இந்த ஜியான் சுவிட்ச போட்டா எந்திரிக்க எடுக்க நேரம்.

தச்சநல்லூர்ல இருந்து ஒருத்தர் மக கல்யாண ஆல்பத்துக்குப் போட்டோ செலக்ட் பண்ண வந்தாவ, கூட சம்பந்தி வீட்டு ஆளுவ ரெண்டு பேரு. சரியா அப்பந்தான் கரண்ட் போயிட்டு வந்துச்சு. சுவிட்ச போட்டேன். ஃபேன் எல்லாம் சேந்து ரைஸ்மில் கணக்கா ஒரு கத்து கத்துச்சு, பொறவு கப்சிப்னு ஆச்சு. ஸ்க்ரீன் கருப்பு. நான் மவுசப் பிடிச்சு சும்மா ஆட்டிக்கிட்டு இருக்கேன், மவுசுக்கு அடியில லைட்டு கூட வரல. டீ வாங்கிட்டு வரச் சொல்லி தம்பிய அனுப்புனேன். பெரியவரு பொறுத்துப் பாத்துட்டு, "என்ன தம்பி, உறங்குதா?"ன்னாவ. "இல்ல அண்ணாச்சி, மெமரிய எண்ணிப் பாக்கு"ன்னேன். "என்னத்த, மொய்ப்பணமா எண்ணுது?"ன்னு கேட்டாவளே பாக்கணும், சம்பந்தி வீட்டுக்காரர் சிரிச்ச சிரிப்புல எனக்கு உச்சி வரைக்கும் ஏறிட்டு. வாட்ச வச்சுப் பாத்திருக்கேன், லோகோ வரதுக்கே ஒரு நிமிசம் அம்பது செகண்டு, அதுக்கு மேலதான் விண்டோஸ். பக்கத்துலயே தம்பியோட ஐ5 முழுசா எந்திரிச்சு பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டு நிக்கும்.

ஏன் இப்படின்னு நோண்டிப் பாத்தேன். இது சர்வர் சாதி. எட்டு ஸ்லாட்டுலயும் சர்வருக்குன்னு உள்ள ரெஜிஸ்டர்டு ரேம், மொத்தம் 64 ஜிபி, நாலு சேனல். ஒவ்வொரு தடவ ஆன் ஆகும்போதும் ஒவ்வொரு ரேம் குச்சியா தட்டிப் பாத்து டைமிங்க சரி பண்ணிட்டுத்தான் மேல போகும், அதுக்கப்பறம் சொருகியிருக்க கார்டு ஒவ்வொண்ணையும் கூப்பிட்டு ஆஜர் கேக்கும். மாசக்கணக்குல ஆஃப் பண்ணாம ஒரு ஏசி ரூம்ல ஓடணும்னு செஞ்ச பொட்டி, அதுக்கு ரெண்டு நிமிசம் ஒரு பொருட்டே இல்ல. மழைக்காலத்துல ஒரு நாளைக்கு நாலு தடவ ஃபேஸ் போற தெருவுல கொண்டு வந்து வச்சது என் தப்புதான். பயாஸ்ல, அதான் விண்டோஸ் வர முன்ன உள்ள செட்டிங்ஸ்ல, நெட்வொர்க் வழியா எந்திரிக்கது, அது இதுன்னு வேண்டாததையெல்லாம் அணைச்சு இருவது செகண்டு மிச்சம் பிடிச்சேன். அதுக்கு மேல இறங்க மாட்டேங்குது.

யூபிஎஸ் வச்சிக்கிட வேண்டியதுதானன்னு கேப்பீங்க. வச்சேன். 600 விஏன்னு போட்டிருக்க யூபிஎஸ்ல நெசமா கெடைக்கது 360 வாட்டு கிட்டதான். ஜியான் மட்டும் முழு வேகத்துல 120 வாட்டு, கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் ஒரு 125, மத்ததும் மானிட்டரும் சேந்தா ரெண்டர் (வெட்டி ஒட்டுனத ஒரே வீடியோவா ஆக்குத வேலை) ஓடும்போது கரண்ட் போன நொடியே கீ கீன்னு கத்திட்டு அதுவும் சேந்து படுத்துரும். வீட்டு இன்வெர்டர்லயும் மாட்டிப் பாத்தாச்சு, அது ஸ்கொயர் வேவ், பொட்டியோட பவர் சப்ளைக்கு அது சேரல, மாறுத நேரத்துல ரீஸ்டார்ட் ஆயிரும். திரும்ப மொய்ப்பணம். கடைசியில சைன் வேவ் யூபிஎஸ் பெருசா ஒண்ணு வாங்குனேன், அந்தக் காசையும் ஜியான் கணக்குலதான எழுதணும்?

சரி, நியாயமும் பேசணும். இந்த நாலு வருசத்துல ரெண்டர் பாதியில நின்னதுன்னு ஒரு நாள் கெடையாது, கரண்ட் போனத தவுத்து. சித்திரை கடைசி, ரூமுக்குள்ள உக்கார முடியாத வெக்கை, ராத்திரி பத்து மணிக்கு மூணு கொடை வீடியோவ வரிசையில போட்டுட்டுப் போயி படுப்பேன், காலையில வந்தா மூணும் முடிஞ்சு கெடக்கும். 28 த்ரெட்டும் (ஒரு கோருக்கு ரெண்டு வேலை வரிசை) ஒரே மட்டத்துல நிக்கத பாத்தா தாமிரவருணியில வெள்ளம் போவுத மாதிரி ஒரு நிதானம். இசிசி ரேம், ஒரு பிட்டு தப்புனா தானே திருத்திக்கிடும். கார்டுகளுக்குப் போற பாதை, லேன்னு சொல்லுதது, 40 இருக்கதால கிராபிக்ஸ் கார்டு, ரெண்டு என்விஎம்இ டிஸ்க்கு, கேப்சர் கார்டுன்னு எத சொருகினாலும் எதுவும் எதையும் பிடுங்காது. பழைய ஆஸ்தி உள்ள வீடு மாதிரி, இடத்துக்குப் பஞ்சமில்ல. இதெல்லாம் சும்மா சொல்லல, ஐ5 போர்டுல ரெண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒண்ணு சொருகப் போயி சாட்டா போர்ட்டு ஒண்ணு செத்துப் போச்சேன்னு ஒரு நாள் முழுக்க தேடி, அப்பறம் மேனுவலப் பாத்தா எம்.2 ஸ்லாட்டுல என்னத்தையோ மாட்டினா அந்தப் போர்ட்டு அணைஞ்சிரும்னு சின்ன எழுத்துல போட்டிருக்கு.

ஆனா கோர் எண்ணிக்கையப் பாத்து மயங்குதவனுக்கு ஒண்ணு சொல்லணும், நானும் அப்படி மயங்குனவன்தான். 2680 வி4 வந்தது 2016, 12400 வந்தது 2022. ஒத்தக் கோர்னு எடுத்தா ஐ5 கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகம். அது 4.4 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏறும், இது 3.3ல நின்னுக்கிடும், அதோட ஒரு கிகாஹெர்ட்சுக்குச் செய்யுத வேலையும் புதுசுல கூட. அதனால பதினாலையும் ஆறையும் மொத்தமா ஓட விட்டா ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் வந்து சேருவாவ. போட்டோஷாப்புல 12க்கு 36 இஞ்ச் ஷீட்டு, 300 டிபிஐ, இருவது லேயர் வச்சு ஒரு ப்ரஷ்ஷ இழுத்தீங்கன்னா அங்க ஒரு கோர்தான் நாய் படாத பாடு படும், மத்த பதிமூணும் திண்ணையில உக்காந்து வேடிக்கை பாக்கும். ஆல்பம் வேலைய நான் இப்ப ஜியான்ல தொடுததே இல்ல. மொதலாளி நானு, தம்பி எந்திரிச்சுப் போனதும் அவன் சீட்டுல உக்காந்து டிசைன் பண்ணிட்டு இருக்கேன்.

இன்னொண்ணு இருக்கு, இத யாரும் கடையில சொல்ல மாட்டாவ. புது கேமரா வாங்குனப்ப 10 பிட் 4:2:2, எச்.265ல எடுக்க ஆரம்பிச்சோம், கலர் விவரம் கூட, ஃபைல நெருக்கிச் சுருக்கியிருக்கும். அந்த ஃபுட்டேஜ பிரீமியர்ங்க எடிட்டிங் சாஃப்ட்வேர்ல போட்டா ஜியான் திக்கித் திக்கிப் போவுது, மாப்பிள்ளை தாலி கட்டுத எடத்துல கை மேல போயி நின்னுரும், ஆடியோ மட்டும் கெட்டிமேளம் முடிச்சிட்டு ஆசீர்வாதத்துக்குப் போயிரும். ஜியானுக்கு உள்ள கிராபிக்ஸே கெடையாது. கார்டு இருக்கேன்னா, அந்த 1660க்கு கலர் விவரம் கம்மியா உள்ள 4:2:0 தெரியும், 4:2:2 பிரிக்கத் தெரியாது, என்விடியாவுல அது 50 சீரிஸ்லதான் வந்துச்சு. அதனால பதினாலு கோரும் மூச்சு வாங்கி சாஃப்ட்வேர்லயே பிரிக்கு. அதே ஃபைல ஐ5ல போட்டா வெண்ணெய் மாதிரி போவுது, அதுல தனி கார்டு கூட இல்ல அப்போ. சிப்புக்குள்ள இருக்க யூஎச்டி 730ன்னு ஒரு சின்ன கிராபிக்ஸ், நான் அத ஒரு ஆளாவே மதிச்சதில்ல, அதுக்குள்ள இருக்க குயிக் சிங்க்ங்க வீடியோ பிரிக்குத பகுதி அந்த வேலைய அந்தானைக்கு முடிச்சிருது. அன்னைக்கு எனக்கு வந்த கோவம் ஐ5 மேலயா ஜியான் மேலயான்னே தெரியல. ஜியான்ல எடிட் பண்ணணும்னா ராத்திரியே ப்ராக்ஸி, அதான் எடிட்டுக்கு மட்டும் லேசான நகல், போட்டு வைக்கணும், வைக்கேன், ஒரு வருசமா அதான் பொழப்பு.

இங்கதான் கவனம். 12400ன்னு ஒண்ணு, 12400 எஃப்னு ஒண்ணு. எஃப்புன்னா அந்த உள் கிராபிக்ஸ் கெடையாது. கடைக்காரர் "தம்பி, நீங்கதான் கார்டு போடப் போறீகளே, எஃப்பு எடுங்க, ரூவா மிச்சம்"னு நல்ல மனசுலதான் சொல்லுவாவ. கேம் ஆடுதவனுக்கு அது சரி, வீடியோக்காரனுக்கு அது தலையில மண்ணு. கார்டு போட்டா சில போர்டு உள் கிராபிக்ஸ தானா அணைச்சிரும், பயாஸ்ல போயி திரும்ப எழுப்பி விடணும், அதையும் மறக்கக் கூடாது.

இப்ப அந்த ஒம்போது நாள் கதை. கார்த்திகை மழையில ஒரு இடி, பொட்டி அடங்கிட்டு. பவர் சப்ளைதான். சாதா கம்ப்யூட்டர்னா ஜங்ஷன்ல எந்தக் கடைக்குப் போனாலும் அரை மணி நேரத்துல மாட்டிட்டு வந்துருவேன். இந்தப் பொட்டி செஞ்ச கம்பெனி, பேரு வேண்டாம், பவர் சப்ளையோட அளவு, ஸ்குரூ இடம், கனெக்டர் ஊசி எல்லாத்தையும் தன் இஷ்டத்துக்கு வச்சிருக்கான். டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டைன்னு கையில அந்தச் செத்த சாமானத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன், எல்லாரும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு கையில குடுத்துட்டாவ. கடைசியா பெங்களூர்ல இருந்து பழசு ஒண்ணு வரவழைச்சேன், 4,500 ரூவா, அதுக்கு வாரண்டி ஏழு நாளு. அதுக்குள்ள கார்த்திகை கடைசி முகூர்த்தத்து வீடியோ ரெண்டு, மார்கழி பொறந்தும் குடுக்க முடியாம போன எடுக்கவே பயந்து கெடந்தேன்.

கரண்ட் பில்லும் சும்மா இல்ல. சும்மா நிக்கும்போதே ஜியான் தம்பி மிஷின விட 60 வாட்டு கூட இழுக்கு, வாட் மீட்டர் மாட்டிப் பாத்தது. தினம் பத்து மணி நேரம் வச்சா ரெண்டு மாசத்துக்கு 36 யூனிட்டு, ரெண்டர் கணக்கு தனி. கமர்ஷியல் கனெக்ஷன், வீட்டுக் கனெக்ஷனுக்கு உள்ள இலவச யூனிட் சலுகையெல்லாம் நமக்கு ஏது. விண்டோஸ் 11 லிஸ்ட்லயும் இந்த ஜியான் இல்ல, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட்ட நிறுத்தியாச்சு.

அதனால மாப்ள, ஐ5 எடு. நல்ல பொட்டின்னு நாலு வருசமா எல்லார்ட்டயும் நான்தான் பெருமையடிச்சேன், மேல எழுதுனதுலயும் பாதி பெருமைதான், அதெல்லாம் நெசம், ஆனா எடுக்காத. போன ஆடியில கேட்டிருந்தா "ரெண்டு ஜியானா எடு"ன்னு சொல்லிருப்பேன், அப்ப வரிசையா ஏழு கொடை முடிச்சிருந்த நேரம். பேட்டையில ஒரு பையன் எங்கிட்ட இருக்கத 15,000க்குக் கேக்கான், இப்ப ரேம் விக்க விலைக்கு அந்த எட்டு குச்சியக் கழட்டி வித்தாலே என்னத்தையாவது தேறும், "நாளைக்குச் சொல்லுதேன்"னு சொல்லி மூணு வாரம் ஆச்சு. நேத்து ராத்திரி கூட ஒண்ணு போட்டுட்டுத்தான் வந்தேன், ஓடிட்டு இருக்கு.

ஞாயித்துக்கிழம மத்தியானம் ஜங்ஷன் வா, நானும் வருதேன். டப்பாவ உடைக்க முன்ன நம்பருக்குப் பக்கத்துல எஃப்புன்னு இருக்கான்னு நீயே பாத்துக்கோ, பில்லுலயும் அதே மாதிரி எழுதச் சொல்லு.