அந்தமான் செல்லுலார் சிறை: கோபுரத்து மொட்டைமாடியிலிருந்து தொடங்குங்கள்

சாவர்க்கர் அடைபட்டிருந்த அறையில் ஒரு படம், முற்றத்தில் எரியும் தியாகிகள் நினைவுச் சுடர் முன்னால் ஒரு படம் என்று முக்கால் மணி நேரத்தில் வெளியேறிவிடுபவர்கள்தான் இங்கே அதிகம். போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வரை போய்விட்டு அப்படித் திரும்புவது பெரிய இழப்பு. இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். காலையில் திறந்ததும் நுழைந்துவிடுங்கள். வெயிலும் புழுக்கமும் ஏறிவிட்டால் மாடிப்படி ஏற மனம் வராது.

வாசலை ஒட்டிய படக்கூடத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் நேராக நடுக் கோபுரத்தின் மேல்தளத்துக்கு ஏறுங்கள். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த இந்தச் சிறைக்கு, கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் பிரியும் ஏழு கட்டடக் கிளைகள், ஒவ்வொன்றிலும் மூன்று தளங்கள். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்த்து நிற்கும். அதனால் ஒரு கிளையில் இருப்பவர் எதிர்க் கிளையில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கவே முடியாது. இன்று எஞ்சியிருப்பவை மூன்று கிளைகளே என்பதால் தரையில் நின்றால் இந்தக் கொடூரமான கணக்கு பிடிபடாது. இடிந்துபோன கிளைகளின் இடத்தில் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை இருக்கிறது.

அடுத்து, கூட்டமில்லாத ஏதாவது ஓர் அறைக்குள் போங்கள். பதின்மூன்றரை அடி நீளம், ஏழரை அடி அகலம். காற்றுத் துளை தலைக்கு மேலே எட்டாத உயரத்தில். கம்பிகளுக்கு இடையே கையை நீட்டிப் பூட்டைத் தொட முயன்று பாருங்கள். தாழ்ப்பாள் கதவைத் தாண்டிச் சுவருக்குள் ஓடுகிறது, பூட்டு அந்தக் கோடியில்தான். உள்ளே இருப்பவர் கை எவ்வளவு நீண்டாலும் எட்டாது. எந்த விளக்கப் பலகையும் சொல்லாததை இந்த ஒரு இரும்புத் துண்டு சொல்லிவிடுகிறது.

முற்றத்துக் கொட்டகையில் செக்கு, சாட்டையடிக்கக் கட்டிவைக்கும் சட்டகம், விலங்கு வகைகள் எல்லாம் மாதிரி உருவங்களோடு இருக்கின்றன. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கைச் சென்னை காந்தி மண்டபத்தில் பார்த்தவர்கள் இங்கே கொஞ்சம் நிற்பார்கள். இங்கே ஒரு கைதி நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும், குறைந்தால் தண்டனை. பக்கத்திலேயே மூவரை ஒரே நேரத்தில் தூக்கிலிடும் மேடை.

பலரும் தவறவிடுவது சிறைக்கு எதிரே உள்ள பூங்கா. அங்கே ஆறு தியாகிகளின் சிலைகள் இருக்கின்றன. அவர்களில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா மூவரும் இந்தச் சிறையில் கைதிகள் 1933-இல் நடத்திய உண்ணாவிரதத்தில் இறந்தவர்கள். வலுக்கட்டாயமாகக் குழாய் வழியே பால் ஊற்றியதே காரணம். வழிகாட்டி கிடைத்தால் இந்தப் போராட்டத்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

மாலை ஒலி-ஒளிக் காட்சிக்குத் தனி டிக்கெட். முற்றத்து அரசமரமே கதை சொல்வதாக அமைத்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது, ஆனால் பகலில் சிறையைச் சுற்றிப் பார்த்திருந்தால்தான் எந்த விளக்கு எதைக் காட்டுகிறது என்று தெரியும். இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் வேறு வேறு நேரம், பணம் கொடுக்கும் முன் மொழியைக் கேட்டுக்கொள்ளுங்கள். உட்காருமிடம் திறந்தவெளி. அந்தமானில் ஐந்தரைக்குள்ளேயே இருட்டிவிடும் மாதங்கள் உண்டு, நம் ஊர்க் கணக்கில் கிளம்பினால் காட்சி தொடங்கியிருக்கும். மழைக்காலமென்றால் குடைக்குப் பதில் மழைக்கோட்டு எடுத்துப் போங்கள், பின்னால் இருப்பவருக்கும் தெரிய வேண்டுமே.